அனாதை என்று எழுதிய காகிதம்: கொரியாவிலிருந்து தத்துப்போனவர்கள் பற்றி

பனிக்காடு
11 அக்டோபர் 2025, காலை 9.12

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மினியாபொலிஸுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. அலுவலகத்தில், கடையில், பையனின் பள்ளியில் என்று எங்கே போனாலும் கொரிய முகத்தோடு ஒருவரைப் பார்ப்பேன். பெயர் மட்டும் ஸ்வீடன், நார்வே வம்சத்துப் பெயராக இருக்கும். அப்புறம்தான் தெரிந்தது. கொரியாவிலிருந்து குழந்தைகளாகத் தத்து அனுப்பப்பட்டு இங்கே வளர்ந்தவர்கள் மினசோட்டாவில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இருப்பார்கள் என்கிறார்கள். லூத்தரன் சபை சார்ந்த அமைப்புகள் இந்தப் பக்கம் நிறைய வீடுகளுக்குக் குழந்தைகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கின்றன.

எனக்கு மிக நெருங்கிய தோழி அவர்களில் ஒருத்தி. ஒரு நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். வாசலில் கார் சத்தம் கேட்டதும் என் பையன் "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடினான். அவள் கையில் இருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, "இப்போது அவன் என்ன சொன்னான்?" என்றாள். கொரிய மொழியிலும் அதே 'அப்பா'தான். "40 வயதில் வகுப்புக்குப் பணம் கட்டிக் கற்றுக்கொண்டேன் இந்த வார்த்தையை. உன் பையன் ஓடிக்கொண்டே சொல்கிறான்" என்றாள்.

போன வருடம் அவளுடைய தத்துக் கோப்பின் நகல் வந்தது. எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் பரப்பி வைத்தோம். தீப்பெட்டி அளவுக்கு ஒரு புகைப்படம், குழந்தையின் நெஞ்சில் ஓர் எண் அட்டை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு தாள்: காவல் சாவடி முன்னால் கண்டெடுக்கப்பட்டது, பெற்றோர் தெரியவில்லை, அனாதை. அவளை வளர்த்தவர்களிடம் 1979இல் கொடுத்ததும் இந்தத் தாள்தான். பின்னால் கொரிய மொழியில் மூன்று தாள்கள் இருந்தன. கொரிய மொழி படிக்கத் தெரிந்த மாணவி ஒருத்தி வந்து வாசித்துக் காட்டினாள். தாய்க்கு வயது 23. திருமணம் ஆகாதவர். தேகு நகரில் தையல் ஆலையில் வேலை. குழந்தையைக் கொண்டுவந்து ஒப்படைத்தவர் தாயின் அக்கா.

கடைசித் தாளில், தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொண்ட அம்மா சொன்னதாக ஒரு வரி: "முதுகில் கட்டிக்கொண்டால்தான் தூங்குகிறாள்."

தோழி அந்த வரியில் நின்றுவிட்டாள். அவளை வளர்த்த அம்மா அடிக்கடி சொல்வாராம், நீ வந்து மூன்று மாதம் ராத்திரி முழுக்க அழுதாய், என்ன செய்தும் அடங்கவில்லை என்று. அழகான தொட்டில், தனி அறை எல்லாம் இருந்திருக்கிறது. யாரும் அந்த ஒரு வரியை மொழிபெயர்த்து அனுப்பவில்லை.

இந்த மாதம் 2ஆம் தேதி கொரிய அதிபர் லீ ஜே-மியூங் இந்தத் தத்து விவகாரத்துக்காக மன்னிப்புக் கேட்டார் இல்லையா? அன்றிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. இதைப் பற்றித் தெரிந்தவர்கள், கொரியாவில் இருப்பவர்கள் எழுதுங்கள்.

நெல்லைச்சீமை
11 அக்டோபர், பகல் 11.40

அக்கா, படித்ததும் மனசு கனத்துப்போனது. ஆனாலும் ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போர் முடிந்த நாடு, சோற்றுக்கே வழியில்லாத காலம். அங்கேயே இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருக்குமா? காகிதத்தில் பொய் எழுதியது தப்புதான். ஆனால் நல்ல படிப்பு, நல்ல வாழ்க்கை கிடைத்திருக்கிறதே. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

சுவோன்_வாசி
11 அக்டோபர், மாலை 4.05

நான் கொரியாவில் ஆராய்ச்சி வேலையில் 9 வருடமாக இருக்கிறேன். நெல்லைச்சீமை கேட்டதை நானும் இங்கே வந்த புதிதில் கேட்டேன். இங்கே ஒரு பெரியவர் ஒரே ஒரு எண்ணைச் சொல்லி என் வாயை அடைத்தார்: 1985.

போர் 1953இல் முடிந்தது. முதலில் போனவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள். 'ஒரே ரத்தம்' என்று பேசிய சிங்மன் ரீ அரசுக்கு அந்தக் குழந்தைகள் வேண்டாதவர்கள். 1955இல் ஒரிகன் மாநிலத்து விவசாயி ஹாரி ஹோல்ட்டும் அவர் மனைவி பெர்த்தாவும் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அவர்கள் தொடங்கிய வேலைதான் பிறகு பெரிய தத்து முகமையாக வளர்ந்தது. 1961இல் பார்க் சுங்-ஹீயின் ராணுவ அரசு அனாதைகளைத் தத்துக் கொடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரைக்கும் நீங்கள் சொல்கிற பசி ஒரு காரணம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் அதிகமான குழந்தைகள் போன வருடம் 1985. அந்த ஒரே வருடத்தில் 8,800க்கு மேல். அப்போது கொரியா கப்பல் கட்டி விற்கிறது, கார் ஏற்றுமதி செய்கிறது, ஒலிம்பிக்குக்கு மைதானம் கட்டுகிறது. அந்த நாட்டில் பசியால் குழந்தையை விமானம் ஏற்றினார்கள் என்று எப்படிச் சொல்வது? அந்தக் காலத்தில் போனவர்களில் பெரும்பாலோர் திருமணம் ஆகாத பெண்களின் பிள்ளைகள். அந்தப் பெண்ணுக்கு ஒரு வாடகை வீடும் மாதம் கொஞ்சம் பணமும் கொடுக்க அரசுக்கு மனம் வரவில்லை. பிள்ளையை அனுப்பினால் அரசுக்குச் செலவு மிச்சம், முகமைக்கு வரவு. 1988இல் சியோல் ஒலிம்பிக் நடந்தபோது அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் இதை எழுதினார்கள். நாட்டுக்கே அவமானமாகிப்போனது. அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை சரியத் தொடங்கியது.

இதுவரை மொத்தம் சுமார் 2 லட்சம் பேர் என்கிறார்கள். பாதிக்கு மேல் அமெரிக்கா. மீதிப் பேர் பிரான்ஸ், டென்மார்க், ஸ்வீடன், நார்வே, நெதர்லாந்து, பெல்ஜியம் என்று.

அப்புறம் அந்த 'அனாதை' என்ற சொல். கொரியாவில் அப்போது குடும்பத் தலைவர் பெயரில் பதிவேடு உண்டு, ஹோஜுக் என்பார்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும் குழந்தைக்கும் தனியாக ஓர் 'அனாதை ஹோஜுக்' போட்டார்கள். அதில் குழந்தையே குடும்பத் தலைவர், அந்தக் குடும்பத்தில் அது மட்டும்தான். அப்படி எழுதினால்தான் தத்தும் விசாவும் சுலபமாக முடியும். பனிக்காடு, உங்கள் தோழிக்கு நடந்தது கை தவறி நடந்த பிழை கிடையாது. அப்போது வேலையே அப்படித்தான் நடந்தது.

தாழம்பூ
11 அக்டோபர், இரவு 9.30

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு ஒரு மகள், வயது 9. தத்தெடுத்த பிள்ளை. காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம்) மூலம் பதிவு செய்து, முறைப்படி எல்லாம் முடித்து அவள் எங்களிடம் வந்தபோது பதினோரு மாதம்.

இந்த இழையை மூன்று தடவை படித்துவிட்டேன். நான் வளர்க்கும் பக்கம் இருப்பவள். அதனால் 'முதுகில் கட்டிக்கொண்டால்தான் தூங்குகிறாள்' என்ற வரி எனக்கு வேறு மாதிரி வலித்தது. அந்த அமெரிக்க அம்மாவை நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் தூங்காமல் தோளில் போட்டு நடந்திருப்பாரே. ஒரு துணியை எடுத்து முதுகில் கட்டியிருந்தால் போதும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஏமாற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர் அல்லவா?

என் மகள் இல்லத்திலிருந்து வந்தபோது போட்டிருந்த சட்டை, சாயம் போன மஞ்சள் சட்டை, ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியும். சில நாள் அவளே எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மடித்து வைப்பாள். போன மாதம், "என்னைப் பெத்த அம்மா என்னைத் தேடுவாங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அதுதான் உண்மை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பனிக்காடு அக்கா, உங்கள் தோழியிடம் கேட்டுச் சொல்லுங்கள். சின்ன வயதில் அவருக்கு என்ன சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்?

பனிக்காடு
12 அக்டோபர், காலை 8.20

தாழம்பூ, உங்கள் கேள்வியை நேற்றே அவளிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "உன் அம்மா உன் மேல் அவ்வளவு அன்பு வைத்திருந்ததால்தான் உன்னைக் கொடுத்தாள் என்று மட்டும் சொல்ல வேண்டாம்." அவளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்தார்களாம். அன்பு இருந்தால் கொடுத்துவிடுவார்கள் என்று குழந்தை மனதில் பதிந்துவிட்டது. வளர்த்த அம்மா எப்போதெல்லாம் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாரோ அப்போதெல்லாம் பயம், இவரும் கொடுத்துவிடுவாரோ என்று. நீங்கள் சொன்ன 'தெரியாது' என்ற பதில்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த மஞ்சள் சட்டையைப் பற்றி இரண்டு முறை கேட்டாள்.

நெல்லைச்சீமை தம்பி, 'நல்ல வாழ்க்கை கிடைத்ததே' என்று நீங்கள் நல்ல மனதோடுதான் கேட்டீர்கள். அவள் வாழ்க்கை முழுக்கக் கேட்ட வாசகமும் அதுதான். பள்ளி ஆசிரியர், சபையில் பாட்டிமார்கள், மாமியார் எல்லோரும் அதையே சொன்னார்கள். பெற்றவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலும் நன்றி கெட்டவள் ஆகிவிடுவாள். வளர்த்தவர்கள் மனம் நோகும் என்று அப்பா இறக்கும்வரை கோப்பைக் கேட்டு எழுதவே இல்லை. அவள் மட்டுமில்லை, நிறையப் பேர் இப்படித்தான் 40 வயது, 50 வயது ஆனபிறகு தேட ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

அவள் தேடியதற்குக் காரணம், தன்னைப் போன்ற மற்றவர்களைச் சந்தித்ததுதான். சின்ன ஊரில் வளர்ந்தவள். கண்ணாடியில் தவிர வேறு எங்கும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை என்பாள். 32 வயதில் முதல் தடவை ஒரு கூட்டத்துக்குப் போனாள். ஒரு அறை நிறையத் தன்னைப் போன்றவர்கள். யாரும் 'எந்த ஊர், உண்மையான ஊர் எது' என்று கேட்கவில்லை. கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாளாம். இப்போது மாதம் ஒரு முறை ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். கிம்ச்சி போடுவார்கள், யாருக்காவது பிறந்த நாள் என்றால் கடற்பாசி சூப் வைப்பார்கள். கொரியாவில் பிறந்த நாளுக்கு அதைச் சாப்பிடுவது வழக்கம், பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கும் பத்திய உணவு அது. இவர்களில் பல பேருக்குப் பிறந்த தேதியே முகமையில் யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. இருந்தாலும் அந்தச் சூப்பை விடமாட்டார்கள்.

அந்தக் கூட்டம் ஒன்றில்தான் நாலு பேர் தங்கள் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நாலு வேறு வருடம், நாலு வேறு ஊர். ஆங்கிலத் தாளில் வாசகம் ஒன்றேதான், எழுத்து மாறவில்லை. காவல் சாவடி, பெற்றோர் தெரியவில்லை, பெயர் முகமை வைத்தது. தனியாக வீட்டில் உட்கார்ந்து படித்தவரைக்கும் ஒவ்வொருவருக்கும் அது அவரவர் விதி. சேர்ந்து படித்தபோதுதான் அது அச்சடித்த படிவம் என்று தெரிந்தது.

நெல்லைச்சீமை
12 அக்டோபர், பகல் 12.15

அக்கா, மன்னிக்கவும். படிவம் என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்குச் சட்டென்று உறைத்தது. சுவோன் அண்ணன் சொன்ன 1985 கணக்கும் எனக்குத் தெரியாது. இவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து என்ன செய்தார்கள், அரசு எப்படி மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு வந்தது என்று யாராவது எழுதுங்கள்.

சுவோன்_வாசி
12 அக்டோபர், இரவு 8.50

எழுதுகிறேன். நீளும், பரவாயில்லையா?

இவர்கள் சங்கம் கூடியது முதலில் ஐரோப்பாவில். ஸ்டாக்ஹோமில் 1986இலேயே தத்துப்போன கொரியர்கள் சங்கம் வைத்துவிட்டார்கள். 1998 அக்டோபரில் அதிபர் கிம் டே-ஜுங் எட்டு நாடுகளிலிருந்து 29 பேரை அழைத்து, தன் மாளிகையில் வைத்து மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் சியோலுக்குத் திரும்பி வந்தவர்கள் 'கோல்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். விசா, மொழி வகுப்பு, குடும்பத்தைத் தேட உதவி எல்லாம் அவர்களே. 1999இல் வாஷிங்டனில் சுமார் 400 பேர் கூடினார்கள். உலக அளவில் முதல் பெரிய சந்திப்பு அதுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பக்கம் வேறு. திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் அம்மாவைத் தேடுவதோடு நிற்கவில்லை. இன்றைக்குத் திருமணம் ஆகாமல் பிள்ளை பெற்று, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு நிற்கும் பெண்களைத் தேடிப் போனார்கள். கொரிய அரசு மே 11ஐத் 'தத்து நாள்' என்று கொண்டாடுகிறது. 2011இலிருந்து அதே மே 11ஐ இவர்கள் 'தனித்தாய் நாள்' என்று வைத்தார்கள். ஒரு தடவை நானும் போயிருந்தேன். 20 வயதுப் பெண், இடுப்பில் குழந்தை. பக்கத்தில் 45 வயதுக்காரர், அட்சர சுத்தமான பிரெஞ்சு பேசுகிறார், கொரிய மொழி நாலு வார்த்தை. அந்தப் பெண் சாப்பிடும்வரை அவர் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார். குழந்தை அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது, அவர் தடுக்கவில்லை.

2011இல் தத்துச் சட்டம் திருத்தப்பட்டதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2012 ஆகஸ்டிலிருந்து அது நடைமுறை. பிள்ளை பிறந்து ஏழு நாள் ஆகாமல் தாயிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. பிறப்பைப் பதிய வேண்டும். குடும்ப நீதிமன்றம் ஒப்புதல் கொடுக்க வேண்டும்.

2022இல் டென்மார்க்கில் வளர்ந்தவர்கள் முன்கை எடுத்து, பழைய உரிமை மீறல்களை விசாரிக்கும் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் மனுக் கொடுத்தார்கள். பிறகு மற்ற நாட்டவரும் சேர்ந்து மொத்தம் 367 பேர், 11 நாடுகள். பனிக்காடு எழுதியபடி அவரவர் காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் மனுவாக மாறியது. இந்த வருடம் மார்ச் 26ஆம் தேதி ஆணையம் முடிவைச் சொன்னது. அரசின் மேற்பார்வை இல்லாமல் முகமைகள் குழந்தைகளை மொத்தமாக அனுப்பின. பெற்றோர் ஒப்புதல் ஒழுங்காக வாங்கவில்லை. தத்துக்குப் பேசிவைத்த குழந்தை இறந்துபோனாலோ பெற்றவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டாலோ, அதே பெயரில் வேறு குழந்தையை அனுப்பினார்கள். குழந்தைகள் விமான இருக்கைகளில் கட்டிவைக்கப்பட்ட 1984ஆம் ஆண்டுப் படத்தையும் காட்டினார்கள்.

ஆனால் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றது 56 பேரை மட்டும். அன்றைக்குக் கூட்டத்தில், பிரான்சில் வளர்ந்த ஒரு பெண் ஆணையத் தலைவர் முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சினார், மற்றவர்களையும் விட்டுவிடாதீர்கள் என்று. அவரும் அவர் தம்பியும் கொஞ்ச நாளைக்கு என்று இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைகள். அம்மாவுக்குத் தெரியாமல் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்த என் வீட்டுக்கார அம்மா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் வயது 70. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா போனவர்கள் சில பேருக்கு வளர்த்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் தத்துப்பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை கொடுத்தது. ஆனால் 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது தாண்டியிருந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஏதாவது வழக்கில் மாட்டினால் கொரியாவுக்கு நாடு கடத்திவிடுவார்கள். மொழி தெரியாது, ஒரு ஆள் தெரியாது. அப்படி வந்த ஒருவர் 2017இல் இங்கே அடுக்குமாடியிலிருந்து விழுந்து இறந்துபோனார். இரண்டு நாடும் கைவிட்ட மனிதர்.

யாழ்தேவி
13 அக்டோபர், மாலை 6.10

நான் சுவிஸில் இருக்கிறேன், சொந்த ஊர் வடமராட்சி. கொரியாவைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் வாசிக்க வாசிக்க எங்கள் நாட்டுக் கதைதான் கண் முன்னால் வந்தது.

80களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் 11 ஆயிரம் வரை என்று சொல்கிறார்கள். நெதர்லாந்து, சுவிஸ், ஸ்வீடன், ஜெர்மனி. பெற்ற தாய் என்று சொல்லி வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தி, அவள் கையால் பிள்ளையைக் கொடுக்க வைத்திருக்கிறார்கள். அவளுக்குக் கொஞ்சக் காசு. இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் வளர்ந்து காகிதத்தில் இருக்கும் பெயரைத் தேடிப் போய், மரபணுச் சோதனை செய்து பார்த்தால் அந்த அம்மா அம்மாவே இல்லை. 2020இல் சுவிஸ் அரசு, தங்கள் அதிகாரிகளும் தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள் என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பெண் அப்படி வந்தவர். என்னைவிடக் கறுப்பு, தலைமயிர் சுருள். பேசுவது சுவிஸ் ஜெர்மன் மட்டும். நான் வீட்டிலிருந்து கொண்டுபோகிற இடியப்பமும் சொதியும் வடிவாகச் சாப்பிடுவார். ஒரு நாள் கேட்டார், "நான் தமிழா சிங்களமா என்று பார்த்தால் உங்களுக்குத் தெரியுமா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கேள்விக்காக எங்கள் நாட்டில் எவ்வளவு பேர் செத்தார்கள். அவருக்கு அது தன் தாய் எந்த மொழியில் தாலாட்டினாள் என்ற கேள்வி மட்டும்தான்.

தாழம்பூ
14 அக்டோபர், காலை 7.05

யாழ்தேவி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு முடிவு எடுத்தேன். மகள் எந்த ஊரில் பிறந்தாள், இல்லத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள், எனக்கு அன்று என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கப்போகிறேன். அவளுக்கு 18 வயதானால் நம் சட்டப்படி விவரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்போது நான் இருக்கிறேனோ இல்லையோ, நோட்டு இருக்கட்டும். இல்லத்து ஆயாவின் பெயர் எனக்கு நினைவில் இருக்கிறது. அவர் என் மகளைக் கூப்பிட்ட செல்லப் பெயரும் நினைவில் இருக்கிறது. இன்றைக்கே எழுதுகிறேன்.

பெற்றவர்களைத் தேடினால் கிடைக்கிறார்களா? அதையும் யாராவது சொல்லுங்கள்.

பனிக்காடு
19 அக்டோபர், இரவு 10.45

தாமதத்துக்கு மன்னிக்கவும்.

தாழம்பூ, கிடைப்பவர்கள் குறைவு. பெற்றவருடைய முகவரி தெரிந்தால் கொரிய அரசின் குழந்தை உரிமை மையம் பதிவுத் தபால் அனுப்பும். அவர் சம்மதித்தால்தான் பெயரையே சொல்வார்கள். பல தபால்களுக்குப் பதில் வருவதில்லை. கணவரிடமும் மற்ற பிள்ளைகளிடமும் சொல்லாமல் 40 வருடம் வாழ்ந்த பெண்ணுக்கு ஒரு நாள் அந்தத் தபால் வந்தால் அவர் என்ன செய்வார், பாவம். அவர் மேலும் கோபப்பட முடியவில்லை. இப்போது முகமைகளிடம் இருந்த கோப்புகளையெல்லாம் அந்த மையம் வாங்கி, சியோலுக்கு வெளியே கோயாங்கில் ஒரு கிடங்கில் வைத்திருக்கிறது. பழைய காகிதம் அங்கே பத்திரமாக இருக்குமா என்று இங்கே எல்லோருக்கும் கவலை.

கிடைத்த கதையும் உண்டு. சியோலின் நாம்டேமுன் சந்தையில் தொலைந்துபோன ஒரு குழந்தை 1976இல் அமெரிக்காவுக்குத் தத்துப்போனது. வீட்டில் யாரும் கொடுக்கவில்லை, காணாமல்போன குழந்தை. அந்தத் தாய் வருடக்கணக்காக அதே சந்தையில் கடை போட்டுக்கொண்டு, போகிற வருகிற முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். 2020 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டில் உள்ள கொரியத் தூதரகங்களிலேயே மரபணு மாதிரி கொடுக்கலாம் என்று வசதி வந்தது. அந்த வருடம் அக்டோபரில், 44 வருடம் கழித்து, காணொளியில் மகளைப் பார்த்தார். கொரோனா காலம், தொட்டுப் பார்க்க முடியவில்லை.

என் தோழியின் கோப்பில் தாயின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. வயதும் ஆலையும் மட்டும் போதாது என்று பதில் வந்துவிட்டது. மரபணு மாதிரி கொடுக்க அனுமதிக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அந்தப் பக்கம் தாயோ, பெரியம்மாவோ யாராவது கொடுத்திருந்தால்தான் பொருந்தும். அவளுக்கு அது தெரியும்.

எங்களுக்குச் சிகாகோவில்தான் கொரியத் துணைத் தூதரகம். ஆறரை மணி நேரம் ஓட்ட வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறோம். நான்தான் ஓட்டுகிறேன். அவளை வளர்த்த அம்மாவும் வருகிறார், வயது 81. போன வாரம் அந்தக் கொரியத் தாள்களின் மொழிபெயர்ப்பை முழுக்கப் படித்தாராம். படித்துவிட்டு மகளிடம் கேட்டது ஒன்றுதான்: "முதுகில் எப்படிக் கட்டுவார்கள்?"